இரண்டு மேசை, ஒரு மைக்ரோஸ்கோப்

மதுரை அண்ணாநகரில் உள்ள அரவிந்த் கண் மருத்துவமனையின் அறுவை அரங்கில் ஒரு டாக்டருக்கு இரண்டு மேசைகள். நடுவில் அவர் உட்கார ஒரு நாற்காலி. தலைக்கு மேலே, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பக்கூடிய மைக்ரோஸ்கோப். இடது மேசையில் ஒரு பாட்டிக்குக் கண்புரை எடுத்துக்கொண்டிருக்கும்போதே வலது மேசையில் அடுத்தவரைப் படுக்கவைத்தாயிற்று. மரத்துப்போக ஊசி போட்டு, கண்ணைக் கழுவி, ஒரு கண் மட்டும் தெரியும்படி துணி போர்த்தி, இமைகளை விரித்துப் பிடிக்கும் கம்பியையும் மாட்டிவிட்டார்கள். பாட்டியின் கண்ணில் வேலை முடிந்ததும் டாக்டர் அப்படியே திரும்புகிறார். மைக்ரோஸ்கோப்பும் கூடவே திரும்புகிறது. அடுத்த கண் தயார்.

சாதாரணமாக ஓர் அறுவைக்கும் அடுத்த அறுவைக்கும் இடையில் மேசையைத் துடைத்து, கருவிகளை மாற்றி, நோயாளியை அழைத்துவந்து தயார்படுத்துவதற்குள் கால்மணி, அரைமணி நேரம் போய்விடும். அத்தனை நேரமும் மருத்துவமனையிலேயே அதிகம் படித்தவர், அதிகச் சம்பளம் வாங்குபவர் சும்மா உட்கார்ந்திருப்பார். இங்கே அந்த நேரம் ஒரு நிமிடத்துக்குச் சுருங்கிவிட்டது. அதனால் அரவிந்தில் ஒரு சர்ஜன் ஆண்டுக்குச் சுமார் 2,000 கண்புரை அறுவை செய்கிறார். மற்ற இடங்களில் சில நூறு செய்தாலே பெரிய விஷயம். தென்மாவட்டத்துக் கிராமத்தார் பல லட்சம் பேருக்குக் காசு வாங்காமல் பார்வை கிடைத்த கதையை இந்த ஒரு நிமிடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

முதலில் அந்தக் கண்ணுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். புரை என்றால் கண்ணின் மேல் படரும் ஏதோ ஒரு தோல், அதை உரித்துவிட்டால் போதும் என்று ஊரில் இன்றும் பலர் நினைக்கிறார்கள். அது இருப்பது உள்ளே. கண்ணின் நடுவில் தெரியும் கறுப்பு வட்டமான பாப்பாவுக்குப் பின்னால், ஒன்பது பத்து மில்லிமீட்டர் அகலமும் நாலு மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட இயற்கையான விழிவில்லை ஒன்று இருக்கிறது. உடம்பில் உயிருள்ள சதை பெரும்பாலும் கண்ணாடிபோல் தெளிவாக இருக்காது. விழிவில்லை அப்படி இருப்பதற்காகப் பெரிய விலை கொடுக்கிறது. அதற்கு ரத்தக்குழாய் கிடையாது. அதன் செல்கள் தமக்குள் இருக்கும் உட்கருவைக்கூட அழித்துவிட்டு, கிரிஸ்டலின் என்ற புரதத்தை மட்டும் நெருக்கமாக அடுக்கிக்கொண்டு நிற்கின்றன. உட்கரு போய்விட்டதால் பழுதான புரதத்துக்குப் பதில் புதிதாகச் செய்துகொள்ள வழியில்லை. மேசையில் படுத்திருக்கும் எழுபது வயதுப் பாட்டியின் வில்லையில் நட்டநடுவே உள்ள புரதம், அவர் தம் தாயின் வயிற்றில் இருந்தபோது உருவானது.

எழுபது ஆண்டு வெயில், வயது, சிலருக்குச் சர்க்கரை என எல்லாம் சேர்ந்து அந்தப் புரத அடுக்கைக் குலைக்கின்றன. குலைந்தவை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகின்றன. வேகவைத்த முட்டையின் தெளிந்த கரு வெள்ளையாகிவிடுவதைப் போன்ற மாற்றம் இது, பல ஆண்டுகளாக மெதுவாக நடக்கிறது என்பதுதான் வித்தியாசம். வெந்த முட்டையைத் திரும்பப் பச்சையாக்க முடியாது. அதனால்தான் புரைக்குச் சொட்டுமருந்து கிடையாது. வில்லையை வெளியே எடுத்தே ஆகவேண்டும்.

எடுத்த பிறகு? நம் தாத்தாக்கள் காலத்தில் சோடாபுட்டிக் கண்ணாடிதான். அதைப் போட்டவர்களுக்கு எல்லாம் கால்பங்குக்கு மேல் பெரிதாகத் தெரியும். ஓரத்தில் வருவது தெரியாது. வாசற்படி எங்கே இருக்கிறது என்று தடவவேண்டும். கண்ணாடி உடைந்தாலோ தொலைந்தாலோ மறுபடி குருடு. வில்லை இருந்த இடத்திலேயே வேறு வில்லை வைத்தால் என்ன என்ற யோசனை லண்டனில் ஹரோல்ட் ரிட்லி என்ற கண் மருத்துவருக்கு வந்தது. இரண்டாம் உலகப்போரில் விமானத்தின் பிளாஸ்டிக் கூரை நொறுங்கி, அதன் சில்லுகள் விமானிகளின் கண்ணுக்குள் பாய்ந்திருந்தன. வேறு தூசு உள்ளே போனால் பெரும்பாலும் அழற்சி கொள்ளும் கண், இந்தச் சில்லுகளைப் பொறுத்துக்கொண்டு சும்மா இருந்ததை அவர் கவனித்தார். 1949 நவம்பர் 29 அன்று, அதே வகைப் பிளாஸ்டிக்கில் செய்த வில்லையை ஒரு நோயாளியின் கண்ணில் வைத்துப் பார்த்தார். சக மருத்துவர்கள் பலர் அவரைத் திட்டித் தீர்த்தார்கள். இன்று உலகமே அதைத்தான் செய்கிறது.

மதுரை மேசைக்குத் திரும்புவோம். இலவசப் பிரிவில் பெரும்பாலும் நடப்பது, தையல் போடாத சிறுகீறல் அறுவை. விழியின் வெள்ளைப் பகுதியில் ஆறேழு மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு கீறல். அதை நேராக உள்ளே இறக்காமல், விழிச்சுவரின் தடிமனுக்குள்ளேயே சாய்வாக ஒரு சுரங்கம் தோண்டி, கருவிழி ஓரத்தில் உட்புறம் திறக்கிறார்கள். வில்லையைச் சுற்றியுள்ள பையின் முன்பக்கத்தைக் கிழித்து, கெட்டிப்பட்ட நடுப்பகுதியை அந்தச் சுரங்கத்தின் வழியே வெளியே கொண்டுவருகிறார்கள். பையின் பின்பக்கம் மட்டும் கிழியக் கூடாது. அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் இருநூற்றைம்பதில் ஒரு பங்கு. தலைமுடியை விடப் பத்து மடங்குக்கு மேல் மெல்லியது. புதுப் பிளாஸ்டிக் வில்லையை அந்தப் பையில்தான் உட்காரவைக்க வேண்டும். முடிந்ததும் கீறலைத் தைப்பதில்லை. கண்ணுக்குள் இயல்பாக இருக்கும் நீரழுத்தம் சுரங்கத்தின் உள்வாயை உள்ளிருந்து அழுத்தி, அதுவே மூடிக்கொள்கிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான்: அடைக்க வேண்டிய ஓட்டையை அடைக்கும் வேலையை அந்தக் கண்ணிடமே விட்டுவிடுகிறார்கள்.

பணக்கார ஊர்களில் இதையே ஃபேகோ என்ற முறையில் செய்கிறார்கள். நொடிக்குச் சுமார் 40,000 முறை அதிரும் ஊசியால் வில்லையைக் கரைத்து உறிஞ்சும் முறை அது. இயந்திரம் விலை அதிகம், ஒவ்வொரு முறையும் மாற்றவேண்டிய பொருள்களும் அதிகம். முற்றிப்போன புரையோடு வரும் கிராமத்துக் கண்களுக்குச் சிறுகீறல் முறையே வேகமானது, மலிவானது. இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் கடைசியில் கிடைக்கும் பார்வை கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தது.

இத்தனையையும் ஓர் ஏற்பாடாகக் கட்டியவரின் கைவிரல்கள் ஒன்றுகூட நேராக இல்லை. கோவிந்தப்ப வெங்கடசாமி 1918 அக்டோபர் 1 அன்று, எட்டயபுரத்துக்குப் பக்கத்தில் அயன்வடமலாபுரம் என்ற கரிசல் காட்டுக் கிராமத்தில், விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பென்சிலும் காகிதமும் இல்லாத பள்ளியில் ஆற்றுமணலைப் பரப்பி எழுதிப் படித்தார். உறவுப் பெண்கள் மூவர் பிரசவத்தில் இறந்ததைப் பார்த்து, பிரசவ மருத்துவராக வேண்டும் என்று சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் 1944இல் பட்டம் வாங்கினார். ராணுவ மருத்துவப் பிரிவில் இருந்தபோது முடக்குவாதம் தாக்கியது. ஓர் ஆண்டுக்கு மேல் படுக்கை. விரல்கள் முறுக்கிக்கொண்டன. பிரசவம் பார்க்கும் கனவு அத்தோடு போயிற்று.

பேனாவைப் பிடிக்கவே சிரமப்பட்ட அவர் போய்ச் சேர்ந்தது, மருத்துவத்திலேயே கை நடுக்கத்துக்கு மன்னிப்பு இல்லாத துறையில். தம் விரல்களுக்கு ஏற்றபடி கருவிகளைத் தாமே வடிவமைத்துக்கொண்டு, மணிக்கணக்காகப் பழகினார். மதுரை அரசு மருத்துவமனையின் கண் பிரிவுக்குத் தலைமையேற்றார். ஊர் ஊராக முகாம் போட்டார். அந்தக் கைகளால் தம் வாழ்நாளில் ஒரு லட்சம் கண் அறுவைகளுக்கு மேல் செய்தார். 1973இல் பத்மஸ்ரீ கிடைத்தது. 1976இல் ஐம்பத்தேழு வயதில் ஓய்வு பெற்றார். ஓய்வு என்பது சர்க்கார் கணக்கில்தான்.

அதே ஆண்டு மதுரையில் ஒரு வீட்டில் பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் தொடங்கியது. ஆறு படுக்கை இலவசம், ஐந்து கட்டணம். ஸ்ரீ அரவிந்தர்மேல் அவருக்கு இருந்த பக்தி பெயரில் தெரிகிறது. தங்கை டாக்டர் நாச்சியார், அவருடைய கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமி, தம்பி சீனிவாசன் எனக் குடும்பமே வேலைக்கு வந்தது. வீட்டுப் பெண்களின் நகைகள் அடகுக்கடைக்குப் போயின. இதுவரை இது நாம் பல ஊர்களில் கேட்ட தர்மக் கதைதான். சத்திரம் கட்டியவர்கள், குளம் வெட்டியவர்கள், பள்ளிக்கு நிலம் எழுதிவைத்தவர்கள் நம் பக்கத்தில் நிறைய. அவர்கள் காலத்துக்குப் பிறகு நிலம் கைமாறும், வாடகை வராது, சத்திரத்தில் வேறு கடை நடக்கும். டாக்டர் வெங்கடசாமி வித்தியாசமாகக் கணக்குப் போட்டார். கொடையை நம்பி நடத்தினால் கொடுப்பவர் கை ஓயும்போது தர்மமும் ஓய்ந்துவிடும். காசு கொடுக்கும் நோயாளி ஒருவரின் கட்டணத்திலேயே காசு இல்லாத ஒருவரின் செலவும் அடங்கவேண்டும். அதற்காகக் கட்டணத்தை ஏற்றக் கூடாது, அந்தக் கட்டணமும் மற்ற மருத்துவமனைகளுக்குச் சமமாகவோ குறைவாகவோ இருக்கவேண்டும். மிச்சம் இருப்பது ஒரே வழி. ஓர் அறுவைக்கு ஆகும் செலவைத் தரைமட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

அங்கேதான் இரண்டு மேசை வருகிறது. மைக்ரோஸ்கோப்பின் விலை, அரங்கின் வாடகை, சர்ஜனின் சம்பளம் எல்லாம் ஒரு நாளைக்கு ஆறு அறுவை செய்தாலும் அறுபது செய்தாலும் ஒன்றுதான். அறுபதால் வகுத்தால் தலைக்கு விழுவது சொற்பம். அமெரிக்காவில் மெக்டொனால்ட்ஸ் கடைகளை அவர் ஆர்வமாகக் கவனித்தார். சாதாரண ஆள்களைப் பழக்கி, எந்த ஊர்க் கடையிலும் ஒரே தரத்தில் பண்டம் கொடுக்க அவர்களால் முடிகிறது என்றால் கண்ணுக்கு ஏன் முடியாது என்பது அவர் கேள்வி. இட்லி தோசையைச் சொல்லியிருந்தால் நமக்கு இன்னும் நெருக்கமாக இருந்திருக்கும், ஆனால் இட்லிக்கு ஊருக்கு ஊர் ருசி மாறுமே.

சர்ஜன் மட்டுமே செய்யக்கூடிய வேலை எது என்று அலசினால், கத்தியைக் கையில் பிடிக்கும் அந்தச் சில நிமிடங்கள்தான். பார்வையை அளப்பது, கண்ணழுத்தம் பார்ப்பது, விழியின் நீளத்தை அளந்து எந்தப் பவரில் வில்லை வைக்கவேண்டும் என்று கணக்கிடுவது, மேசையில் தயார்செய்வது, கருவிகளைக் கொதிநீராவியில் சுத்திகரிப்பது, பிறகு ஆறுதல் சொல்லி வார்டுக்கு அழைத்துப்போவது என மற்ற எல்லாவற்றையும் இன்னொருவர் கற்றுக்கொள்ளலாம். அந்த இன்னொருவர், கிராமத்தில் பிளஸ் டூ முடித்த பெண். அரவிந்தே அவர்களைத் தேர்ந்தெடுத்து இரண்டு ஆண்டு பயிற்சி கொடுக்கிறது. இன்று அதன் ஊழியர்களில் பாதிக்கு மேல் இவர்கள்தான். விழியின் நீளத்தை அளப்பதில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் பவரில் இரண்டரைக்கு மேல் தப்பு வரும். அப்புறம் அறுவை எவ்வளவு அழகாக நடந்திருந்தாலும் கண்ணாடி இல்லாமல் ஆகாது. அந்த மில்லிமீட்டர் அவர்கள் பொறுப்பில் இருக்கிறது.

யார் காசு கொடுக்க வேண்டும், யாருக்கு இலவசம் என்று எப்படி முடிவு செய்கிறார்கள்? ரேஷன் அட்டை கேட்பதில்லை, வருமானச் சான்றிதழும் கேட்பதில்லை. எந்த வாசலில் நுழைவது என்று வருபவரே முடிவு செய்யலாம். இலவச வார்டில் பாய், பொதுக்கூடம். கட்டணப் பிரிவில் கட்டில், தனியறை, வேண்டுமானால் ஏசி. டாக்டர்கள் மாறி மாறி இரண்டு பக்கமும் வேலை செய்கிறார்கள். வசதியுள்ளவர் இலவசத்தில் புகுந்துவிட மாட்டாரா என்றால், சிலர் புகுவார்கள்தான். அவர்களைப் பிடிக்க ஆள் போட்டுச் சான்றிதழ் சரிபார்க்கும் செலவை விட அது குறைவு. பாயில் படுக்க வசதியுள்ளவர் தாமாகவே தயங்குவார் என்பதும் கணக்கில் உண்டு.

இப்படி ஒரு முடிச்சை அவிழ்த்ததும் அடுத்த முடிச்சு வேறிடத்தில் தெரிந்தது. அறுவை இலவசம் என்று சொன்ன பிறகும் கிராமத்தில் புரையோடு இருந்தவர்கள் வரவில்லை. பஸ்ஸுக்குக் காசு, மதுரையில் சாப்பாட்டுக்குக் காசு, கூட வருபவருக்குக் கூலி போகும். எல்லாவற்றுக்கும் மேலே பயம். அதனால் முகாம் நடக்கும் ஊரிலிருந்தே பஸ்ஸில் ஏற்றிவந்து, சோறு போட்டு, அறுவை முடித்து, திரும்பக் கொண்டுபோய் விடுவது என்றானது. முகாமை நடத்த உள்ளூரிலேயே ஒரு சங்கமோ கோயில் கமிட்டியோ பள்ளியோ பொறுப்பேற்கும். பந்தல், விளம்பரம் அவர்களுடையது. ஒரே ஊர்க்காரர்கள் இருபது பேர் சேர்ந்து வந்தால் பயம் பாதியாகிறது. கண்ணாடி வேண்டியவர்களுக்கு முகாமிலேயே வில்லையைச் செதுக்கிச் சட்டத்தில் பொருத்திக் கையில் கொடுத்துவிடுகிறார்கள், அப்புறம் வாங்கிக்கொள்ளுங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தால் பலர் வாங்குவதே இல்லை.

அடுத்த முடிச்சு, கண்ணுக்குள் வைக்கும் வில்லை. 1990 வாக்கில் இறக்குமதி வில்லை ஒன்று நூறு டாலர் அளவுக்கு விற்றது. இலவச நோயாளிக்கு அதை வைப்பது நடக்காத காரியம். ஏழை நாடுகளுக்குச் சோடாபுட்டியே போதும் என்று வெளிநாட்டு நிபுணர்கள் பலரும் சொன்னார்கள். காசு கொடுத்தவருக்கு உள்ளே லென்ஸ், கொடுக்காதவருக்கு மூக்கின்மேல் லென்ஸ் என்ற பாகுபாடு டாக்டர் வெங்கடசாமிக்கு ஒப்பவில்லை. 1992இல் அமெரிக்காவின் சேவா ஃபவுண்டேஷன், அதோடு சேர்ந்து இயங்கிய டேவிட் கிரீன் ஆகியோரின் துணையோடு ஆரோலேப் என்ற தொழிற்சாலை மதுரையிலேயே பிறந்தது. ஆறு மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு வட்டம், அதைப் பைக்குள் நிலைநிறுத்த மயிரிழைபோல் வளைந்த இரண்டு கைகள். இவ்வளவுதான் அந்த வில்லை. விலை பத்து டாலருக்கு இறங்கியது, பிறகு அதிலும் பாதிக்குக் கீழே போனது. இன்று சிவகங்கை சாலையில் வீரபாஞ்சானில் இருக்கும் அந்தத் தொழிற்சாலையிலிருந்து நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளுக்கு லென்ஸ் போகிறது.

இத்தனை வேகம், இத்தனை சிக்கனம் என்றால் கிருமி தொற்றாதா என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். மேலைநாடுகளில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பல பொருள்களை அரவிந்தில் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். ஒரே அரங்கில் ஒன்றுக்கு மேற்பட்ட நோயாளிகள் இருக்கிறார்கள். அறுவைக்குப் பின் கண்ணுக்குள் சீழ் பிடிப்பதுதான் இந்தத் துறையின் பெரிய பயம். அறுவை முடியும் தருணத்தில் ஒரு சொட்டு நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைக் கண்ணுக்குள்ளேயே செலுத்தினால் எப்படி இருக்கும் என்று சோதித்து, ஆறு லட்சம் அறுவைகளின் கணக்கை 2017இல் வெளியிட்டார்கள். பத்தாயிரம் பேரில் ஏழு பேருக்கு வந்துகொண்டிருந்த தொற்று இரண்டு பேராகக் குறைந்திருந்தது. ஆறு லட்சம் என்ற எண்ணைப் பாருங்கள். ஆண்டுக்குச் சில ஆயிரம் செய்யும் மருத்துவமனை இப்படி ஒரு விஷயத்தைக் கண்டுபிடிக்கவே ஒரு தலைமுறை காத்திருக்க வேண்டும்.

சிக்கனத்தில் இன்னொரு லாபம் யாரும் எதிர்பாராமல் வந்தது. அதே ஆண்டு வெளியான ஓர் ஆய்வு, அரவிந்தில் ஒரு ஃபேகோ அறுவைக்குச் சுமார் ஆறு கிலோ கரியமிலவாயு வெளியாகிறது என்று கணக்கிட்டது. ஒரு காரில் இரண்டரை லிட்டர் பெட்ரோல் எரித்தால் வரும் அளவு. பிரிட்டனில் இதே அறுவைக்கு ஆவதில் இது இருபதில் ஒரு பங்கு. ஏழைகளுக்காகச் சேமித்தது பூமிக்கும் சேமிப்பானது.

தம் கணக்குப் புத்தகத்தை அவர்கள் மூடிவைக்கவும் இல்லை. 1992இல் லயன்ஸ் சங்கத்தின் உதவியோடு ஒரு பயிற்சி நிறுவனம் தொடங்கி, போட்டி மருத்துவமனை என்று பார்க்காமல், இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும் உள்ள நூற்றுக்கணக்கான கண் மருத்துவமனைகளுக்கு இந்த முறையைச் சொல்லிக்கொடுத்தார்கள். ஹார்வர்ட் வணிகப் பள்ளி மாணவர்கள் 1993 முதல் அரவிந்தைப் பாடமாகப் படிக்கிறார்கள். லாபம் தேடப் படிப்பவர்களுக்கு ஓர் இலவச ஆஸ்பத்திரி பாடமானது வேடிக்கைதான்.

முகாம்களின் பெருமைக்கு நடுவில் 1999இல் ஓர் ஆய்வு தலையில் குட்டியது. பக்கத்து ஊரிலேயே முகாம் நடந்தும், கண்ணில் குறையுள்ளவர்களில் வந்தது நூற்றுக்கு ஏழு பேர்தான். முகாம் என்பது வந்துபோகும் திருவிழா. அன்றைக்கு உழவு, சாவு, காய்ச்சல் என்றால் தவறிவிடும். ஆகவே எப்போதும் திறந்திருக்கும் சிறு ‘பார்வை மையங்கள்’ 2004 முதல் வரத் தொடங்கின. சந்தை கூடும் ஊரில் ஓர் அறை, பயிற்சி பெற்ற ஓரிருவர், ஒரு கேமரா, பெரிய மருத்துவமனையில் உட்கார்ந்திருக்கும் டாக்டரோடு வீடியோ இணைப்பு. இப்போது இவை நூற்றுக்கு மேல்.

அந்த நாளில், இந்த மையங்கள் வந்த தேனிப் பக்கத்துச் சிற்றூர்களுக்கு வேகமான இணைய இணைப்பு ஏது? கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நம் வீட்டில் இருப்பது போன்ற மலிவான வைஃபையை வைத்தே ஒரு வழி கண்டார்கள். கம்பத்தின் உச்சியில் ஒரே திசையை நோக்கும் ஆன்டெனாவைக் கட்டினால் அலை பல கிலோமீட்டர் போகும். சிக்கல் அலையில் இல்லை, வைஃபையின் பொறுமையில் இருந்தது. ஒரு துண்டுச் செய்தியை அனுப்பியதும், ‘கிடைத்தது’ என்ற பதில், ஒரு நொடியைப் பத்து லட்சம் பங்காக்கினால் அதில் சில பத்துப் பங்குக்குள் வராவிட்டால், தொலைந்துவிட்டது என்று நினைத்து வைஃபை மறுபடி அனுப்பும். பதினைந்து கிலோமீட்டர் தூரத்துக்கு ஒளிவேகத்தில் போய்த் திரும்பவே அதில் நூறு பங்கு ஆகிவிடும். பதில் வந்துகொண்டிருக்கும்போதே இது திரும்ப அனுப்பி, இரண்டும் மோதிக்கொள்ளும். இரு முனைகளும் முறைவைத்துப் பேசும்படி மென்பொருளை மாற்றினார்கள். ஒரு பாட்டி ஐம்பது ரூபாய்க்கும் அரைநாள் கூலிக்கும் யோசித்த பயணம், கம்பத்துக்குக் கம்பம் அலையாகிப் போனது.

டாக்டர் வெங்கடசாமி 2006 ஜூலை 7 அன்று காலமானார். அரவிந்த் மருத்துவமனைகள் எல்லாமாக இன்று ஆண்டுக்கு நாலு லட்சத்துக்கு மேல் அறுவையும் லேசர் போன்ற சிகிச்சையும் செய்கின்றன. ஏறத்தாழ பாதி இலவசமாகவோ பெயருக்கு ஒரு கட்டணத்திலோ நடக்கிறது. ஆண்டுக் கணக்கில் அப்படியும் மிச்சம் நிற்கிறது.

முடிச்சு மட்டும் மறுபடி இடம் மாறியிருக்கிறது. புரை என்றால் ஒரு கண்ணுக்கு ஒருமுறை வந்தால் போதும். சர்க்கரை நோய் விழித்திரையைக் கெடுப்பது அப்படி இல்லை. வலி தெரியாது, கெட்ட பிறகுதான் மங்கல் தெரியும். ஆகவே பார்வை நன்றாக இருக்கும்போதே ஆண்டுதோறும் வந்து படம் எடுத்துக்கொள்ள வேண்டும். அத்தனை படங்களையும் உட்கார்ந்து பார்க்க டாக்டர்கள் போதமாட்டார்கள். 2016இல் கூகுள் உருவாக்கிய செயற்கை நுண்ணறிவு, அரவிந்த் உட்பட இந்திய மருத்துவமனைகள் சிலவற்றின் விழித்திரைப் படங்களையும் பார்த்துப் பழகியது; நிபுணர்களுக்கு இணையாகக் கோளாறைக் கண்டுபிடித்தது. படத்தை வாசிக்க இயந்திரம் வந்துவிட்டது. நன்றாகக் கண் தெரிகிற ஒருவரைக் காட்டுவேலையை விட்டுவிட்டுப் பார்வை மையத்துக்கு வரவைப்பதுதான் இப்போது பாக்கி. அதற்கு இயந்திரம் இல்லை. வீடுவீடாகப் போய்ச் சொல்லும் வேலையில் இப்போதும் அந்தந்த ஊர்க்காரர்களைத்தான் நம்பியிருக்கிறார்கள்.